வாசகர் கேள்வி: வாட்டர் பிளாக் எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது?

"அண்ணன், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். என்னுடையது இன்டெல் ஐ7-12700கே புரோசெசர். ரெண்டர் போட்டால் சூடு 100 பாகையைத் தொட்டு வேகம் விழுந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் மச்சான் தான் பாவித்த செம்பு வாட்டர் பிளாக் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அது எல்ஜிஏ 1200 என்ற பழைய புரோசெசர் சொக்கெட்டுக்கு உரியது. இங்கே அலுமினிய ரேடியேட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பிளாக்கை மதர்போர்ட்டில் பூட்டும் பிடியின் துளையை அரத்தால் ராவிப் பெருப்பித்துப் பூட்டச் சொல்கிறார்கள். செய்யலாமா?" - களுவாஞ்சிக்குடி வாசகர்

தம்பி, வாட்டர் பிளாக் என்பது புரோசெசரின் மேல் உட்கார்ந்து, அதன் சூட்டை உள்ளே ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும் கட்டி. அந்தத் தண்ணீரை ஃபேன் காற்றில் ஆற்றுவது ரேடியேட்டர். முதலில் அந்த அலுமினிய ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். அரிமானத்தைத் தடுக்கும் மருந்து கலந்தால் கொஞ்சம் தாமதிக்கும், அவ்வளவுதான். அரித்த தூள் எல்லாம் பிளாக்கின் உள்ளே இருக்கும் மயிரிழை போன்ற செம்புத் தகடுகளுக்கு நடுவில் போய் அடைக்கும். செம்பு அல்லது பித்தளை ரேடியேட்டரே வாங்குங்கள். 240 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைய வேண்டாம், பெட்டியில் இடமிருந்தால் 360.

அடுத்தது துளை. 1200இல் துளைக்குத் துளை 75 மில்லிமீற்றர், உங்கள் புரோசெசரின் சொக்கெட்டான எல்ஜிஏ 1700இல் 78. ராவினால் திருகாணி உள்ளே போகும், உண்மை. ஆனால் 1700இல் புரோசெசரின் உயரமும் குறைவு. பழைய பிடியின் ஸ்பிரிங் முழுதாக அமுக்காது. பூட்டியது போலத் தெரியும், தொட்டும் தொடாமலும் நிற்கும். மச்சானிடம் பிளாக்கின் மொடலைக் கேளுங்கள். பல கம்பனிகள் 1700க்கான பிடியை மட்டும் தனியாக விற்றிருக்கின்றன. அது கிடைத்தால் இதே பிளாக் தாராளமாகப் போதும். கிடைக்காவிட்டால் இதை விற்றுவிட்டு, பெட்டியிலேயே 1700 என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

நான் அமுக்கத்திலேயே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் புரோசெசர் உச்சத்தில் 190 வாட் வரை இழுக்கும். நிமிடத்துக்கு 1 லீற்றர் தண்ணீர் ஓடினாலே, அந்தச் சூடு முழுவதையும் வாங்கிக்கொண்டு அது 3 பாகைகூட ஏறாது. ஆகவே தண்ணீரிலோ பம்பிலோ குறை தேடிப் பிரயோசனமில்லை. சூடு தங்குவது புரோசெசரின் மூடிக்கும் செம்புக்கும் இடையில். செம்பின் வெப்பங்கடத்தும் திறன் ஏறக்குறைய 400 என்றால் இரண்டுக்கும் இடையில் பூசும் நல்ல வெப்பப் பேஸ்டினுடையது 10 அளவில்தான், காற்றினுடையது 0.03கூட இல்லை. பேஸ்ட் பூசுவது காற்றை வெளியேற்றத்தான். தடிப்பாகப் பூசினால் அதுவே தடை.

என் மேசைக்கு வரும் மெஷின்களில் பிளாக்கைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது பேஸ்டின் தடத்தைத்தான். போன மாதம் வந்த ஒன்றில் வலப்பக்கம் செம்பு மினுங்கத் தெரிகிறது, இடப்பக்கம் பேஸ்ட் வெள்ளைப்பட்டி போலத் திரண்டு நிற்கிறது. ஒரு மூலையை முழுக்க இறுக்கிவிட்டுத்தான் அடுத்த மூலைக்குப் போயிருக்கிறார்கள். புதுப் பேஸ்ட் போட்டு நேராகப் பூட்டியதும் சரியாகிவிட்டது. ஒரு சாமானும் மாற்றவில்லை.

பூட்டும்போது மதர்போர்ட்டை மேசையில் படுக்க வையுங்கள். பின்தகட்டை முதலில் பொருத்துங்கள். செம்பின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரித்தீர்களா என்று பாருங்கள், அதோடேயே பூட்டிய பிளாக்குகள் வந்திருக்கின்றன. இரண்டு முகத்தையும் ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்து, காய்ந்தபின் பேஸ்ட் வையுங்கள். உங்களுடையது நீளமான புரோசெசர், நடுவில் ஒரு பயறளவு போதாது. நீளவாக்கில் ஒரு கோடு இழுங்கள். பிளாக்கை நேரே மேலிருந்து இறக்குங்கள், அப்புறம் நகர்த்த வேண்டாம். நாலு திருகாணியையும் விரலால் பிடிக்கவைத்து, எதிரெதிர் மூலையாக ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று, மறுபடியும் இரண்டு சுற்று. தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பாவித்த பிளாக் என்பதால் பூட்டும் முன் திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் மென்மையான பல்துலக்கியால் கழுவி, ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். தண்ணீர் உள்ளே போகும் வாய் எது, வெளியே வரும் வாய் எது என்று பிளாக்கில் குறி இருக்கும். மாற்றிப் பூட்டினாலும் ஓடும், ஆனால் பல பிளாக்குகளில் சில பாகை கூடும்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் நம் மணல் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கிறது. இதற்கென்று விற்கும் கூலண்ட் போடுங்கள். இல்லையென்றால் வடித்த நீரில் பாசி, அரிமானம் இரண்டையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். பற்றரிக் கடையில் வாங்குவதானால் அசிட் கலக்காத வடித்த நீர்தானா என்று கேட்டு வாங்குங்கள். பிறகு பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒவ்வொரு மூட்டின் கீழும் டிஷூ வைத்து ஓர் இரவு ஓடவிடுங்கள். டிஷூ காய்ந்தே இருந்தால்தான் மற்றதற்குக் கரண்ட்.

"ரைசன் 5 5600 வைத்திருக்கிறேன். எனக்கும் வாட்டர் கூலிங் வேண்டுமா?" - காத்தான்குடி வாசகர்

வேண்டாம். அது 65 வாட் புரோசெசர். நல்ல காற்றுக் கூலர் ஒன்றும், மாதம் ஒருமுறை தூசு தட்டுவதும் போதும். மிச்சக் காசுக்கு யூபிஎஸ் வாங்குங்கள், அது உங்கள் வேலையையும் ஹார்ட் டிஸ்க்கையும் காப்பாற்றும்.

"கச்சான் காற்றுக் காலத்தில் அறை அடுப்பாகிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் போட்டால் என்ன?" - அக்கரைப்பற்று வாசகி

செய்யாதீர்கள் தங்கச்சி. ரேடியேட்டரும் ஃபேனும் தண்ணீரை அறைச்சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதனால்தான் குழாயும் பிளாக்கும் வேர்ப்பதில்லை. ஐஸ் போட்ட உடனே அந்தப் பாதுகாப்புப் போய்விடும். கரையோரக் காற்றில் ஈரம் அதிகம், பிளாக்கின் வெளிப்புறம் வேர்த்துத் துளி மதர்போர்ட்டில் இறங்கும். அறை 35 பாகை என்றால் தண்ணீர் 45 அளவில் நிற்பது பயப்படும் விஷயமல்ல. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் யன்னல் பக்கம் காற்று வர வையுங்கள்.

"பிளாக் பூட்டிய பிறகு மெஷின் ஒவ்வொரு முறையும் 'சிபியு ஃபேன் எரர்' என்று நின்றுவிடுகிறது. அந்த எச்சரிக்கையை நிறுத்திவிடலாமா?" - ஒலுவில் மாணவர்

நிறுத்த வேண்டாம். மதர்போர்ட்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய முனையில் ஒன்றும் சுற்றுவதாகத் தெரியாததால்தான் அது கத்துகிறது. பம்புக்குக் கரண்ட் நேரே பவர் சப்ளையிலிருந்து வந்தாலும், வேகம் சொல்லும் மெல்லிய வயர் ஒன்று தனியாக இருக்கும். அதை அந்த முனையில் செருகுங்கள். பிறகு பம்ப் என்றாவது நின்றுபோனால், நீங்கள் மெஷினைப் போடும்போதே அது சொல்லிவிடும்.