ஏவுகணைக் கேடயத்தை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டுக் குடியாத்தத்திலிருந்து போன வாரம் வந்த அந்த அப்பாவுக்கு இதை எழுதுகிறேன். கூட வந்த தாய்மாமாவும் படிக்கட்டும்.

ஐயா, பயந்துபோய் வந்தீர்கள். தைரியம் சொல்லி அனுப்ப எனக்கு மனசில்லை. தனியார் கல்லூரியில் ஏரோஸ்பேஸ் என்ற விமான, விண்வெளிப் பொறியியல், நாலு வருஷத்துக்குப் பதினாறு லட்சம், வீட்டை வைத்துக் கடன். இது வேண்டாம். 2025 சுதந்திர தின உரையில் பிரதமர் சுதர்சன சக்கரம் என்ற நாட்டுப் பாதுகாப்புக் கேடயத் திட்டத்தை அறிவித்தாயிற்று, இனி வேலை உறுதி என்கிறார் மாமா. அமெரிக்காவில் சேஃப்கார்டு என்ற ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 1975 அக்டோபர் 1 அன்று முழுதாக இயங்கத் தொடங்கியது. அதை மூடச் சொல்லி மறுநாளே அங்கே பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. அமெரிக்க அதிபர் ரீகன் 1983இல் அறிவித்த விண்வெளிக் கேடயமும் பத்தே வருஷத்தில் முடிந்துபோனது. திட்டம் நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. அதைக் கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்.

உங்கள் மகள் காட்டிய நோட்டைப் பார்த்தீர்களா? நீங்கள் காட்பாடிக்குப் போகும் ரயில் தினமும் எத்தனை நிமிஷம் தாமதம் என்று ஐந்து மாதமாக எழுதி, கிழமைவாரியாகச் சராசரி போட்டிருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவள் படிக்க வேண்டியது புள்ளியியல்.

அந்த ஏவுகணை வேலையிலேயே பெரிய சிக்கல் இந்தக் கணக்குதான். எதிரி ஏவுகணையை வழியிலேயே அடிக்க, தரையிலிருந்து ஏவப்படும் அமெரிக்காவின் இடைமறிப்பு ஏவுகணையை 1999 முதல் ஏறக்குறைய இருபது முறை சோதித்தார்கள். பாதிக்குச் சற்று மேல்தான் இலக்கைத் தாக்கியது. செலவு அதிகம் என்பதால் அடிக்கடி சோதிக்க முடியாது. இவ்வளவு குறைந்த சோதனைகளை வைத்து எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வது புள்ளியியல்காரர் வேலை. புது மருந்து நூறு பேருக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்குமா என்பதும் அதே கேள்வி. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே உயிர்ப்புள்ளியியல், அதாவது மருத்துவத்துக்கான புள்ளியியல் துறை இருக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் உண்டு. அரசுக் கல்லூரி, கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடியும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு நல விடுதியில் இடம் கிடைத்தால் தங்கவும் சாப்பிடவும் காசில்லை. பட்டம் முடித்து 21 வயது ஆனதும் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம். அப்புறம் எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிப் பக்கம் போக நினைத்தால், மேற்படிப்புக்கான கேட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் 2019 முதல் புள்ளியியலுக்குத் தனித் தாளே இருக்கிறது.

விண்ணப்பம் இணையத்தில்தான். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் நாலையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.