தானே விரியும் எக்ஸ்இ: கேட்டவையும் சொன்னவையும்

புறக்கோட்டையிலிருந்து: அண்ணா, ஒரு கடைக்கு பில் போடும் நிரலைப் பைதானில் எழுதி, நிரலைப் பொதிந்து தரும் பைஇன்ஸ்டாலர் கருவியில், சொடுக்கினால் ஓடும் ஒரே எக்ஸ்இ கோப்பாக்கிக் கொடுத்தேன். பகலில் போட்ட பில்கள் மறுநாள் காலையில் இல்லை. முதலாளி என்னைத்தான் முறைக்கிறார்.

பதில்: சரியான ஆளைத்தான் முறைக்கிறார், தம்பி. அந்த எக்ஸ்இ ஒரு பொட்டலம். திறக்கும்போதெல்லாம் டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறைக்குள் புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கி, எல்லாவற்றையும் அங்கே கொட்டி இயக்குகிறது. மூடியதும் அதைத் துடைத்துவிடுகிறது. உங்கள் நிரல் தன் பக்கத்திலேயே பில்களை எழுதியிருக்கும், அவையும் சேர்ந்து போயின. நிரல்கள் தம் தரவை வைக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் எழுதுங்கள். கடையில் நிலையாக இருக்கவேண்டிய நிரலுக்குப் பொட்டலமே வேண்டாம். நிறுவி செய்யும் கருவியான இன்னோ செட்டப்பில் முறையாக நிறுவுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: என் எக்ஸ்இயை வைரஸ் கார்ட் (வைரஸ் தடுப்பு நிரல்) அழித்துவிடுகிறது.

பதில்: டெம்பில் விரிந்து அங்கிருந்து ஓடுவது வைரஸ்களின் பழக்கமும்தான். எக்ஸ்இயைச் சிறிதாக்கும் யுபிஎக்ஸ் சுருக்கத்தை விடுங்கள், ஒற்றைக் கோப்பாக்காமல் கோப்புறையாகக் கொடுங்கள், கோப்பு யாருடையது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். வாடிக்கையாளரிடம் கார்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தெஹிவளையிலிருந்து: சிப் (zip) என்ற சுருக்கிய கோப்பை, தானே விரியும் எக்ஸ்இ ஆக்கிய பிறகும் சிப்பாகவே திறக்கிறதே, எப்படி?

பதில்: நல்ல கேள்வி! விண்டோஸ் கோப்பைத் தலையிலிருந்து படிக்கிறது. சிப்பின் அட்டவணையோ வாலில் இருக்கிறது. முன்னால் விரிக்கும் நிரலை ஒட்டினாலும் வாலுக்குக் கவலையில்லை. எக்ஸ்இயின் தலையில் உள்ள எம், இசட் என்ற இரண்டு எழுத்துகள் மைக்ரோசாஃப்டின் மார்க் சிபிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள். டிஜிட்டல் கையொப்பத்தை மட்டும், விரிக்கும் நிரலையும் சிப்பையும் ஒட்டி முடித்த பிறகே இடுங்கள். முதலில் இட்டால் செல்லாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து: கோப்புகளைச் சுருக்கும் செவன்-சிப் நிரலில் தானே விரியும் எக்ஸ்இ செய்தேன். அதன் சாளரத்துக்குக் கன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் தமிழில் தலைப்புக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

பதில்: பாமினியில் அடித்திருக்கிறீர்கள். அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்ட எழுத்துரு. அந்தச் சாளரத்தில் வேடம் கலைந்துவிடும். தமிழுக்கெனத் தனிக் குறிகள் உள்ள யுனிகோடில் அடித்து, யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு வடிவில் சேமியுங்கள்.

மருதானையிலிருந்து: இருபது வருடமாகப் பாமினிதான், ஐயா. கை அதற்குப் பழகிவிட்டது. எங்கள் அச்சகத்தில் யுனிகோடைக் கேட்பாரே இல்லை.

பதில்: கையை யார் மாற்றச் சொன்னார்? பாமினி விசைப்பலகையிலேயே அடித்து யுனிகோடாகப் பெறலாம். விசையமைப்பு வேறு, எழுத்தைக் கணினி சேமிக்கும் குறியேற்றம் வேறு.

மருதானை: பழைய கோப்புகள்?

பதில்: மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மருதானை: அதற்குப் பாமினியிலேயே இருந்துவிடலாம்.

பதில்: இருங்கள். கன்ஃபிக் கோப்பு உங்களோடு இருக்காது.

கல்கிசையிலிருந்து: வைரஸ் கார்ட்...

பதில்: மேலே வெள்ளவத்தைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: கோப்பின் பெயரை 'செட்டப்' என்று மாற்றியதும் நிர்வாகி அனுமதி கேட்கிறது.

பதில்: மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதி வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32 பிட் கோப்புக்கு அந்தப் பெயரிருந்தால், நிறுவி என்று விண்டோஸ் எண்ணிக்கொள்ளும். பெயரை மாற்றுங்கள்.

கிருலப்பனையிலிருந்து: வைரஸ் கார்டை ஐந்து நிமிடம் மட்டும் நிறுத்தினால்?

பதில்: கூடாது. ஐந்து விநாடியும் கூடாது.

புறக்கோட்டை: அண்ணா, போன பில்களை மீட்க வழியே இல்லையா?

பதில்: நிரல் ஓடும்போது மின்வெட்டு வந்ததா? அப்படி நின்ற நாளின் கோப்புறை துடைக்கப்படாமல் டெம்பில் கிடக்கும். போய்த் தேடுங்கள்.