ரொமாண்டிக் இலக்கியம் என்றால் காதல் கதையா?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கப்போகும் தம்பி ஒருவர், "ரொமாண்டிக் பாடம் முழுக்கக் காதல்தானா?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லை தம்பி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தை ஒட்டி எழுந்த இலக்கியப் போக்கு அது. நம் பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அந்த ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியும் இந்தக் கூட்டம்தான்.

இதே கூட்டத்துக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், டஃபடில் என்ற மஞ்சள் பூக்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அந்தப் பூவைக் கோலாலம்பூரில் நானும் பார்த்ததில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்துதான் அந்தக் கவிதையைப் படித்தேன். வேர்ட்ஸ்வொர்த் தனியாக அலைந்ததாக எழுதுகிறார். உண்மையில் 1802 ஏப்ரலில் தங்கை டோரதியும் கூடவே நடந்தார். பூக்கள் ஆடியது, காற்றோடு சிரித்தது எல்லாம் டோரதியின் நாட்குறிப்பில் முதலிலேயே இருக்கிறது! கவிதை அச்சானது 1807இல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் கட்டுரைக்கு விஷயம் கிடைத்துவிடும்.