டொர்னாடோவுக்குத் திசை காட்டுவது எது? வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து, டொர்னாடோ எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் போகும் என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகள் குடும்பம் டல்லாஸில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டொர்னாடோ பயிற்சி முடித்துவிட்டு வந்த பேரன், "ஆயா, அது தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்குப் போகும்" என்கிறான். காற்றுக்குக்கூட இப்படி ஒரு தடம் உண்டா? (காரைக்குடி வாசகி)

பதில்: பேரன் சொல்வது பெரும்பாலான நாட்களில் சரி. ஆனால் அது டொர்னாடோவின் தடம் அல்ல, மேகத்தின் தடம்.

டொர்னாடோ தானாக எங்கும் புறப்பட்டுப் போவதில்லை. பெரிய இடிமேகம் ஒன்றின் அடியிலிருந்து தரையைத் தொடும் சுழல் அது. மேகம் நகரும் பக்கம் அதுவும் நகரும். ஓடும் வண்டியின் பலகையில் பம்பரம் சுற்றினால், சுற்றுவது பம்பரத்தின் வேலை, கொண்டுபோவது வண்டியின் வேலை. அந்த மேகம் 12 கிலோமீட்டருக்கு மேலும் உயர்ந்து நிற்கும். அவ்வளவு பெரிய மேகத்தை நம் முகத்தில் படும் காற்று நகர்த்த முடியாது. தரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உயரம் வரை வீசும் காற்றின் சராசரிதான் அதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

அந்த மேல்காற்று டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ் பக்கம் ஏன் தென்மேற்கிலிருந்தே வீசுகிறது? வசந்த காலத்தில் ஜெட் காற்று, அதாவது மிக உயரத்தில் ஆறுபோல வேகமாக ஓடும் மேற்குக் காற்று, அலை அலையாக வளைந்து அமெரிக்காவின் மேல் ஓடும். ஒரு வளைவு ராக்கி மலைப் பக்கம் தெற்கே இறங்கினால், அதன் கிழக்கே இருக்கும் சமவெளிக்கு மேல் காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் பாயும். அதே வளைவு தரைமட்டத்தில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றைத் தெற்கிலிருந்து இழுத்துவரும். நடு உயரத்தில் மேற்கின் வறண்ட மேட்டுநிலக் காற்று வந்து அதன்மேல் படியும். கீழே ஈரமும் வெப்பமும், மேலே வறட்சியும் குளிரும், உயரம் கூடக் கூடத் திசையும் வேகமும் மாறும் காற்றும் சேர்ந்தால்தான் சுழலும் இடிமேகம் பிறக்கும். டொர்னாடோவை உண்டாக்குகிற அமைப்பே அதை வடகிழக்குக்குத் தள்ளுகிற அமைப்பாகவும் இருக்கிறது. தென்மேற்குத் திசை இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகம் மேல்காற்றின் போக்கில் அப்படியே போகாது. பெரும்பாலும் வலப்பக்கமாக விலகி, கொஞ்சம் மெதுவாகப் போகும். மேகத்தின் சுழற்சி அதன் வலப்பக்க ஓரத்தில் புதிய ஏறுகாற்றை வளர்த்துக்கொண்டே இருப்பதால் இந்த விலகல். ஆகவே மேல்காற்று நேர் வடகிழக்காக ஓடும் நாளிலும் டொர்னாடோ கிழக்கு-வடகிழக்காகவோ கிழக்காகவோ போகலாம்.

வேகம் சாதாரணமாக மணிக்கு 50 கிலோமீட்டர் அளவு. சில நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். சில நேரம் 100-ஐத் தாண்டும். 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இந்தியானா மாநிலங்களைக் கடந்த டொர்னாடோ மூன்றரை மணி நேரத்தில் சுமார் 350 கிலோமீட்டர் ஓடியது. 695 பேர் இறந்தார்கள். மேல்காற்று அன்று அவ்வளவு வேகம்.

கேள்வி: கஜா புயல் கிழக்கே கடலிலிருந்து வந்து மேற்கே போனது. அமெரிக்காவில் மட்டும் ஏன் தலைகீழ்? (தேவகோட்டை வாசகர்)

பதில்: முதலில் அளவைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள புயல். பல நாள் உயிரோடு இருந்தது. டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம். பல டொர்னாடோக்கள் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டும் ஒரே இனம் அல்ல. ஆனால் "மேல்காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே" என்ற விதி இரண்டுக்கும் பொது.

காரைக்குடி சுமார் 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த அட்சத்தில் மேல்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். ஒக்லஹோமா 35 டிகிரியில் இருக்கிறது. அங்கே மேல்காற்று மேற்கிலிருந்து. இடையில் உயர் அழுத்தப் பட்டை ஒன்று இருக்கிறது. அதன் தெற்கே கிழக்குக் காற்று, வடக்கே மேற்குக் காற்று. வங்கக் கடலில் சில புயல்கள் வடக்கே ஏறிய பிறகு வளைந்து மியன்மார் பக்கம் திரும்புவதும் இதனால்தான்.

நம் நாட்டுக்கு அருகிலும் டொர்னாடோ மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிற இடம் உண்டு: வங்காளம். சித்திரை, வைகாசியில் அங்கே கீழே கடலின் ஈரம், மேலே வடமேற்கின் வறண்ட காற்று. கால்பைசாகி எனும் இடிமழை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இறங்கும். வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டூரியா ஊர்களை 1989 ஏப்ரல் 26 அன்று அழித்த டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். பதிவில் உள்ளவற்றில் மிக அதிக உயிர்ப்பலி அது.

கேள்வி: பூமி சுற்றுவதால்தான் டொர்னாடோ இடஞ்சுழியாகச் சுற்றி வடகிழக்கே போகிறதா? (பள்ளத்தூர் மாணவி)

பதில்: நேரடியாக இல்லை. பூமிச் சுழற்சியின் விளைவு தெரிய நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் பல மணி நேரமும் வேண்டும். டொர்னாடோவுக்கு அவ்வளவு அகலமும் இல்லை, ஆயுளும் இல்லை. உயரே போகப்போகக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தே மேகத்தின் சுழற்சி அமைகிறது. வலஞ்சுழி டொர்னாடோக்களும் அபூர்வமாக உண்டு. ஆனால் மேற்குக் காற்றுப் பட்டையை உருவாக்குவதில் பூமிச் சுழற்சிக்குப் பங்கு உண்டு, அந்த வழியில் மறைமுகத் தொடர்பு இருக்கிறது. நில நடுக்கோட்டுக்குத் தெற்கே, அர்ஜென்டினாவிலும் ஆஸ்திரேலியாவிலும், வழக்கமான பாதை வடமேற்கிலிருந்து தென்கிழக்கு.

கேள்வி: இந்த விதியை மீறியவை உண்டா? (புதுவயல் வாசகர்)

பதில்: நிறைய உண்டு. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

1997 மே 27 அன்று டெக்சாஸின் ஜாரெல் ஊருக்கு டொர்னாடோ வடக்கு-வடகிழக்கிலிருந்து வந்தது, அதாவது வழக்கத்துக்கு ஏறக்குறைய நேர் எதிர். அன்று மேல்காற்று பலவீனம். தள்ளும் காற்று இல்லாதபோது, புதிய ஏறுகாற்று எந்தப் பக்கம் முளைக்கிறதோ அந்தப் பக்கமே மேகம் நகரும். அது தென்மேற்காக முளைத்துக்கொண்டே போனது. மெதுவாக நகர்ந்ததால் ஒவ்வொரு வீட்டின் மேலும் காற்று நெடுநேரம் நின்று அடித்தது. அடித்தளம் தவிர எதுவும் மிஞ்சவில்லை. 27 பேர் இறந்தார்கள்.

ஒக்லஹோமாவின் எல் ரீனோவில் 2013 மே 31 அன்று 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த டொர்னாடோ, முதலில் தென்கிழக்காகப் போய், கிழக்கே திரும்பி, சட்டென்று வடகிழக்காக வளைந்து வேகம் பிடித்தது. டொர்னாடோக்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்துவந்த டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். டிம் சமராஸ் சாதாரண ஆள் அல்ல. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில், டொர்னாடோ வரும் பாதையைக் கணித்துத் தரையில் கருவியை வைத்து, அழுத்தம் 100 மில்லிபார் விழுந்ததைப் பதிவு செய்தவர். திசை கணிப்பதையே தொழிலாகக் கொண்டவரையும் ஒரு திருப்பம் வீழ்த்தியது என்பதை வெளிநாட்டில் "டொர்னாடோ பார்க்கப் போகிறேன்" என்று கிளம்பும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திடீர்த் திருப்பத்துக்குக் காரணம் மேகத்துக்குள் இருக்கிறது. மழையோடு இறங்கும் குளிர்காற்று சுழலைச் சுற்றி வளைத்து, வெப்பக்காற்று வரும் வாசலை அடைக்கும். அப்போது பழைய சுழல் மேகத்தின் போக்கைவிட்டு இடப்பக்கமாக ஒதுங்கும். சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய சுழல் பிறக்கும். சாகும் நிலையில் கயிறாக மெலிந்து வளையும் டொர்னாடோவும் இப்படித்தான் பாதை மாறும். மெலிந்துவிட்டது என்று கிட்டே போகக் கூடாது.

இன்னும் ஒரு வகை: வளைகுடாக் கரையில் பெரும்புயல் ஏறும்போது அதன் வலது முன்பகுதியில் பிறக்கும் சிறு டொர்னாடோக்கள் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் பாயும்.

கேள்வி: மகன் ஒக்லஹோமாவில் வீடு மாறுகிறான். தென்மேற்கு மூலையில் பதுங்கினால் தப்பலாம் என்று யாரோ சொன்னார்களாம். நாமும் கன்னிமூலை பலமானது என்போம். சரியா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: தவறு, உடனே மகனுக்குச் சொல்லிவிடுங்கள். டொர்னாடோ தென்மேற்கிலிருந்து வந்தால் இடிபாடு வீட்டைத் தாண்டி வடகிழக்கே விழும் என்ற கணக்கில் வந்த பழைய அறிவுரை அது. 1966 ஜூன் 8 அன்று கன்சாஸின் டொபீகா நகரை டொர்னாடோ தாக்கிய பின், ஜோ ஈகிள்மன் என்ற ஆய்வாளர் சேதமான வீடுகளைப் பரிசோதித்தார். தென்மேற்குப் பகுதிதான் மிகவும் மோசமாக இருந்தது. முதலில் அடிபடுவது அந்தச் சுவர். அது உள்ளே விழும். பறந்துவரும் மரமும் தகரமும் அந்தப் பக்கமே துளைக்கும். பர்னெட்ஸ் மவுண்ட் என்ற குன்று நகரைக் காக்கும் என்று டொபீகாவில் நம்பியிருந்தார்கள். டொர்னாடோ அந்தக் குன்றின் மேலேயே ஏறி நகருக்குள் இறங்கியது.

மூலையைப் பார்க்க வேண்டாம், சுவர்களை எண்ணச் சொல்லுங்கள். நிலவறை இருந்தால் அதில் கனமான மேசைக்கு அடியில். இல்லாவிட்டால் தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத, ஜன்னல் இல்லாத சிறிய அறை: உள் குளியலறை, துணி வைக்கும் அறை, மாடிப்படிக்கு அடி. வெளியே உள்ள காற்றுக்கும் ஆளுக்கும் இடையில் எத்தனை சுவர் இருக்கிறதோ அத்தனை நல்லது. காலில் ஷூ, தலையில் ஹெல்மெட், மேலே மெத்தை. ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்பதும் பொய். காற்றுக்கு வழிவிட்டதுதான் மிச்சம். சக்கர வீட்டில் (மொபைல் ஹோம்) குடியிருந்தால் எச்சரிக்கைக்கு முன்பே வெளியேறிப் பலமான கட்டடத்துக்குப் போக வேண்டும்.

எச்சரிக்கைச் செய்தியை வாசிக்கும் முறையையும் பழகச் சொல்லுங்கள். "வாட்ச்" என்றால் வாய்ப்பு உண்டு. "வார்னிங்" என்றால் ராடாரிலோ கண்ணாலோ பார்த்துவிட்டார்கள். வார்னிங்கில் "மூவிங் நார்த்ஈஸ்ட் அட் 35 மைல்" என்று வரும். இது போகும் திசை. காற்றைச் சொல்லும்போது "சவுத்வெஸ்ட் விண்ட்" என்றால் வரும் திசை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தப்பி ஓடும் பக்கமே தலைகீழாகிவிடும். 35 மைல் என்பது 56 கிலோமீட்டர். 14 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கையில் கால் மணி நேரம்.

நேரில் பார்க்க நேர்ந்தால், ஒரு மின்கம்பத்தை அடையாளம் வைத்துக்கொண்டு சில விநாடி பார்க்கட்டும். கம்பத்தைவிட்டு இடமோ வலமோ நகர்ந்தால் அது குறுக்கே போகிறது. நகராமல் பருத்துக்கொண்டே வந்தால் நேராக வருகிறது. காரில், தொலைவில் இருந்தால் அதன் பாதைக்குக் குறுக்காக விலகலாம். வடகிழக்காக வருவதற்குத் தெற்குப் பக்கம் நல்லது, வடக்கே மழையும் ஆலங்கட்டியும் மறைக்கும். ஊருக்குள் நெரிசலில் பந்தயம் வேண்டாம். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கவே கூடாது. 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில் அப்படி ஒதுங்கிய இடங்களில் மூன்று பேர் இறந்தார்கள்.

கேள்வி: மாசி, பங்குனி வெயிலில் கண்மாய்ப் பொட்டலில் செம்மண்ணைச் சுழற்றிக்கொண்டு போகிறதே, அது குட்டி டொர்னாடோவா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: இல்லை. அதற்கு மேகமே வேண்டாம். சூடேறிய தரையிலிருந்து எழுவது. இடமாகவும் சுற்றும், வலமாகவும் சுற்றும். தரைக்காற்று லேசாக எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் போய், நிழலோ ஈரமோ வந்ததும் அடங்கிவிடும்.

கேள்வி: கோடை மழையோடு அடித்த காற்றில் தைலமரமும் வாழையும் கூட்டமாகச் சாய்கின்றன. அது டொர்னாடோவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சிங்கம்புணரி வாசகர்)

பதில்: விழுந்த மரங்களை அகற்றுவதற்கு முன் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பெரும்பாலும் காரணம், இடிமேகத்திலிருந்து மழையோடு கொட்டி இறங்கும் குளிர்காற்று. அது தரையில் மோதி வெளியே பரவும். ஆகவே மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகவோ, ஓர் இடத்திலிருந்து விசிறிபோல விரிந்தோ சாய்ந்திருக்கும். சேதம் அகலமான பரப்பில் இருக்கும்.

டொர்னாடோ என்றால் சேதம் ஒடுங்கிய நீளப் பட்டையாக இருக்கும், மரங்கள் நடுக்கோட்டை நோக்கிச் சாயும். இடஞ்சுழியாகச் சுற்றினால், போகும் திசைக்கு வலப்பக்கம் சுழற்சியும் பயணமும் சேர்கின்றன. இடப்பக்கம் ஒன்றை ஒன்று கழிக்கின்றன. சுழற்சி மணிக்கு 200 கிலோமீட்டர், பயணம் 50 என்றால் வலப்பக்கம் 250, இடப்பக்கம் 150. வலப்பக்க மரங்கள் முன்னோக்கிக் கிடக்கும். இடப்பக்கத்தில் குறுக்காகவோ பின்னோக்கியோ கிடக்கும். மொபைலில் திசைகாட்டியைத் திறந்து, பட்டையின் இரு ஓரத்திலும் நடுவிலும் பத்துப் பத்து மரமாகப் பாருங்கள். வேர்ப்பக்கம் நின்று நுனியைப் பார்த்து அளக்க வேண்டும். ஒடிந்து தொங்கும் கிளைகளுக்கும் அறுந்த மின்கம்பிக்கும் அடியில் போகாதீர்கள்.

அடுத்த முறை மேகம் வரும் முன்பே பார்க்க, காரைக்கால் ராடார் படம் உதவும். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு படங்களை ஒப்பிட்டு, சிவப்புத் திட்டு (பலத்த மழை இருக்கும் இடம்) எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று பார்த்து மூன்றால் பெருக்குங்கள். அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. ஆடி, ஆவணி மாலைகளில் திட்டு பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். ஐப்பசிக்குப் பிறகு கிழக்கே கடல் பக்கமிருந்து வரும்.