தாதிஸ் காமராவின் விசாரணைகள்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவை ஆண்ட கேப்டன் மூஸா தாதிஸ் காமரா, 2009-இல் ஊழல் அதிகாரிகளையும் போதைப்பொருள் கடத்தியவர்களையும் தொலைக்காட்சியில் நிறுத்திக் கேள்வி கேட்ட காட்சிகளைப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. நல்ல எண்ணத்தோடு வந்தவரை உடனிருந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். இப்போது மன்னிப்பும் கிடைத்துவிட்டது. உங்கள் கருத்து என்ன?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காட்சிகளைக் கண்டு தலைநகர் கொனாக்ரியும் அன்று சிலிர்த்தது. மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். 24 ஆண்டுகள் ஆண்ட லான்சானா கோண்டே 2008 டிசம்பர் 22 அன்று இறந்தார். அடுத்த நாளே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராணுவத்தின் எரிபொருள் விநியோகத்தைக் கவனித்துவந்த, வெளியே அதிகம் அறியப்படாத கேப்டன் ஒருவர் வானொலியில் பேசினார். அலுமினியத் தாதுவான பாக்சைட் கொட்டிக்கிடக்கும் நாட்டில் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் ஏங்கியவர்கள் தெருவில் இறங்கி வரவேற்றார்கள். தேர்தல் நடத்துவேன், நான் போட்டியிட மாட்டேன் என்று அவர் சொன்னதையும் நம்பினார்கள்.

பிறகு ராணுவ முகாமிலிருந்து அந்த ஒளிபரப்புகள் தொடங்கின. 'தாதிஸ் ஷோ' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. மறைந்த அதிபரின் மகன் உஸ்மான் கோண்டேயே கேமரா முன் தனக்குப் போதைப்பொருள் கடத்தலில் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே குற்றம் சாட்டியவரும் விசாரித்தவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒருவரே. எதிரே இருந்தவருக்கு வழக்கறிஞர் இல்லை, சுற்றிலும் துப்பாக்கிகள். அகப்பட்டவர் நமக்குப் பிடிக்காதவர் என்பதால் அது நமக்கு உறைக்கவில்லை.

அவரே தேர்தலில் நிற்கக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும் எதிர்க்கட்சிகள் 2009 செப்டம்பர் 28 அன்று கொனாக்ரி விளையாட்டரங்கில் கூடின. 1958-இல் அதே தேதியில்தான் கினியா மக்கள் பிரான்ஸின் கீழ் நீடிக்க மாட்டோம் என்று வாக்களித்தார்கள். அரங்கத்தின் பெயரே 'செப்டம்பர் 28'. சிவப்புத் தொப்பி அணிந்த அதிபர் காவல்படை உள்ளே புகுந்து சுட்டது. ஐ.நா. விசாரணைக் குழுவின் கணக்குப்படி 156 பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல்போனார்கள். குறைந்தது 109 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், அதுவும் பட்டப்பகலில்.

ராணுவத்தில் தன் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் செய்தது என்றார் தாதிஸ். உடனிருந்தவர்கள் கெடுத்தார்கள் என்று நீங்கள் எழுதுவது அவருடைய வாதம்தான். தயவுசெய்து அதை நீங்கள் சுமக்காதீர்கள். பழி முழுவதையும் தன்மேல் போடப் பார்க்கிறார் என்று சொல்லி, அவருடைய மெய்க்காவல் அதிகாரி தும்பா தியாகித்தே டிசம்பர் 3 அன்று அவரைத் தலையில் சுட்டார். உயிர்பிழைத்த தாதிஸ் மொராக்கோவில் சிகிச்சை பெற்று, புர்கினா பாசோவில் பல ஆண்டுகள் தங்கினார்.

2022 செப்டம்பர் 28 அன்று கொனாக்ரியில் வழக்கு தொடங்கியது. அதுவும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். மற்றவர்களுக்கு அவர் தர மறுத்ததெல்லாம் அங்கே அவருக்குக் கிடைத்தது: வழக்கறிஞர்கள், மறுத்துப் பேசும் உரிமை, கேட்பதற்கு நீதிபதிகள். பாதிக்கப்பட்டவர்களும் பேசினார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு விசாரணைக்குப் பின், 2024 ஜூலை 31 அன்று, மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2025 மார்ச்சில் உடல்நிலையைக் காரணம் காட்டி அவரை மன்னித்தவர் ஜெனரல் மமாடி தும்பூயா. அவரும் 2021-இல் துப்பாக்கியோடு ஆட்சிக்கு வந்தவர். அந்த மன்னிப்பு தாதிஸை நிரபராதி ஆக்கிவிடவில்லை. அன்று ராணுவம் அப்புறப்படுத்திய பல உடல்கள் இன்றுவரை குடும்பங்களின் கைக்கு வரவில்லை. அவற்றை எங்கே புதைத்தார்கள் என்பது வெளிவரும் முன்பே அவரை விடுவித்துவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் அதன்மேல்தான்.

அன்புடன்