முள்ளும் குருக்கும்: டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், ஒருவர் காட்டுத் திசில் (thistle) என்கிற முள்செடியின் தண்டைச் சீவி, பச்சையாகவே கடித்துத் தின்னும் வீடியோ பார்த்தேன். தரிசில் மஞ்சள் பூப் பூக்கும் பிரம்மதண்டும் அதுவும் ஒன்றுதானே? நாமும் சாப்பிடலாமா?

பதில்: வாயில் வைத்துவிடாதீர்கள் தம்பி. இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. தமிழ் பைபிளின் ஆதியாகமத்தில் நிலம் 'முள்ளும் குருக்கும்' முளைப்பிக்கும் என்று வருகிறது அல்லவா? ஆங்கில பைபிளில் திசில் என்று இருக்கும் இடத்தில்தான் அந்தக் 'குருக்கு' உட்கார்ந்திருக்கிறது. குருக்கு என்றால் நம்மிடம் பிரம்மதண்டு. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலை ஓரமெல்லாம் முள், நரம்பை ஒட்டி வெள்ளைப் பூச்சு. தூரத்தில் பார்த்து நானே ஏமாந்திருக்கிறேன். ஆனால் திசில் சூரியகாந்திக் குடும்பம். பிரம்மதண்டு கசகசாச் செடியின் குடும்பம். அது விஷம்.

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். மஞ்சள் பால் கசிந்தால் கையைக் கழுவிவிட்டு நடையைக் கட்டுங்கள். பூவும் காட்டிக்கொடுத்துவிடும். பிரம்மதண்டின் இதழ்களை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். திசிலில் எண்ணுவதற்கு எதுவும் இல்லை. ஏராளமான குட்டிப் பூக்கள் சேர்ந்து, சவரம் செய்கிற பிரஷ் மாதிரி ஒரே குஞ்சமாக நிற்கும், பெரும்பாலும் ஊதாவில். பிரம்மதண்டின் விதை கடுகு போலவே இருக்கும். 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் அந்த விதையின் எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சு முட்டி, 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

கேள்வி: நிஜத் திசில் கிடைக்கும் நாட்டில் இருக்கிறேன். எந்தப் பகுதியை எப்போது எடுப்பது?

பதில்: உங்களுக்கு யோகம். புல் திசிலில் இருந்து தொடங்குங்கள் (காளை என்கிற 'புல்', மாடு மேய்கிற புல் அல்ல). இது இரண்டு வருடச் செடி. முதல் வருடம் தரையோடு தரையாக வட்டமாக இலை விரித்துப் படுத்திருக்கும். சேர்க்கிற உணவையெல்லாம் வேரில் சேர்க்கும். இரண்டாம் வருடம் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத் தண்டை உயர்த்தும், பூக்கும், விதை விட்டுச் செத்துப்போகும். ஆகவே வேர் வேண்டுமானால், முதல் வருடக் கடைசியிலிருந்து தண்டு கிளம்புவதற்குள். தண்டு வேண்டுமானால், மொட்டு விரிவதற்குள். தாமதித்தால் வேர் மரக்கட்டை, தண்டு நார்.

முதல்முறை நான் துணிக் கையுறை போட்டுக்கொண்டு போனேன். முள் துணிக்கு மரியாதை கொடுப்பதில்லை. தோல் கையுறைதான் சரி. தண்டை அடியில் வெட்டி, நுனியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு, கத்தியின் முதுகால் இலைகளைத் தட்டித் தள்ளினேன். பிறகு தோலை நீளவாக்கில் உரித்தேன். நான்கைந்து உரிப்பில் அத்தனை முள்ளும் போய், வெளிர்பச்சையில் ஈரமாக, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு குச்சி மிஞ்சியது. தின்றால் வெள்ளரியின் குளுமை, கடைசியில் துளி கசப்பு. ஒரு மணி நேர வேலைக்கு ஒரு கைப்பிடி. பசிக்காகச் செய்கிற வேலை இல்லை இது!

இலையில் நடுநரம்பு மட்டும் தேறும். வேரைக் கழுவி, மெத்தென்று ஆகும்வரை வேகவைத்தால் லேசான இனிப்பு. ஆனால் முதல் நாளே தட்டு நிறைய வேண்டாம். அதிலிருக்கும் இனுலின் என்கிற மாவுப்பொருளை நம் குடல் செரிக்காது. பெருங்குடலில் கிருமிகள்தான் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். நான் ஆசைப்பட்டு நிறையத் தின்ற அன்று இரவு வீட்டில் யாரும் என் பக்கத்தில் படுக்கவில்லை.

சாலை ஓரத்திலும் வயல் வரப்பிலும் பறிக்காதீர்கள். பல இடங்களில் திசில் ஒழிக்க வேண்டிய களை, மருந்து அடித்திருப்பார்கள். அமெரிக்கப் பேரேரிகளின் மணல்மேடுகளில் வளரும் பிட்சர் திசில் அருகிவருவதால் 1988 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, அதுபோல வேறு சிலவும் உண்டு. அவற்றைத் தொடவே கூடாது.

கேள்வி: திசிலில் விஷச் செடியே கிடையாது, முள்ளைத் தாண்டினால் எல்லாமே உணவு என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்கிறவரோடு காட்டுக்குப் போகாதீர்கள். மத்தியதரைக்கடல் நாடுகளில் அட்ராக்டிலிஸ் கம்மிஃபெரா என்று ஒன்று இருக்கிறது. தண்டே இல்லாமல் தரையோடு ஒட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கும், திசில் மாதிரியேதான். அதன் பிசினைக் குழந்தைகள் சூயிங்கம் போல மெல்வதுண்டு. வேரைக் காட்டு ஆர்ட்டிசோக் (திசில் போலிருக்கும் ஒரு காய்கறிச் செடி) என்று நினைத்துத் தின்றவர்களும் உண்டு. உடலின் செல்கள் சக்தியைப் பயன்படுத்துகிற வழியையே அதன் நஞ்சு அடைத்துவிடும், கல்லீரல் கெடும். முறிமருந்து கிடையாது. பெயர், பூ, இலை, வளர்ந்த இடம், நான்கும் பொருந்தாவிட்டால் தொடாதீர்கள்.

கேள்வி: பால் திசில் விதை கல்லீரலுக்கு நல்லதாமே?

பதில்: அந்த விதையிலிருந்து எடுக்கும் சிலிமரின் மாத்திரையாக விற்கிறது. கல்லீரல் நோய் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். செவ்வந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம்.

கேள்வி: திசிலை மட்டுமே தின்று யாராவது உயிர் பிழைத்திருக்கிறார்களா?

பதில்: ஏறக்குறைய. 1870 செப்டம்பரில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயப் போன குழுவிலிருந்து ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவர் வழிதவறினார். கிட்டப்பார்வை வேறு. குதிரை மூட்டைமுடிச்சோடு ஓடிவிட்டது. கையில் மிஞ்சியது ஒரு ஆப்பரா கண்ணாடி, அதாவது நாடகம் பார்க்கப் பயன்படும் சின்ன பைனாகுலர். அதன் லென்ஸால் வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டினார். 37 நாள் அவருக்கு முக்கிய ஆகாரம் திசில் வேர்தான், அதையும் வெந்நீர் ஊற்றில் வேகவைத்துத் தின்றிருக்கிறார். கண்டுபிடித்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். வயிறு நிறைந்தது, உடம்பில் ஒட்டவில்லை. இனுலின் பற்றிச் சொன்னேனே, அது ஞாபகம் இருக்கட்டும். செரிக்காத நார் குடலை அடைத்துக்கொண்டது. வேட்டைக்காரர் ஒருவர் கரடிக் கொழுப்பை உருக்கிக் குடிக்கக் கொடுத்த பிறகுதான் அடைப்பு விட்டது. இன்று அந்தத் திசிலுக்கு அங்கே எவர்ட்ஸ் திசில் என்றே ஒரு பெயர்.