ஹெவி மெட்டல் (உரத்த, அதிரடியான ராக் இசை வகை) குழுவின் ‘டெமோ’ என்றால் என்ன? பழைய டெமோவை ரசிகர்கள் ஏன் தேடிக் கேட்கிறார்கள்?

டெமோ என்பது, தன் பாடல்கள் எப்படி இருக்கும் என்று இசை நிறுவனங்களுக்குக் காட்டுவதற்காக ஒரு குழு குறைந்த செலவில் செய்யும் மாதிரிப் பதிவு. கல்யாணச் சமையலை ஒப்புக்கொள்வதற்கு முன் சமையல்காரர் ருசிபார்க்கத் தரும் சாம்பாரைப் போன்றது.

அமெரிக்காவின் மெட்டாலிகா குழு 1982 ஜூலையில் பதிவுசெய்த ‘நோ லைஃப் டில் லெதர்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழு பாடல்கள் கொண்ட அந்த ஒலிநாடாவை ரசிகர்களே பிரதியெடுத்து, ஒருவருக்கொருவர் அஞ்சலில் அனுப்பிக்கொண்டனர். ஜெராக்ஸ் பிரதியையே மீண்டும் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவதுபோல, பிரதிக்குப் பிரதி இரைச்சல் கூடியது. ஆனால், நியூ ஜெர்சியில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஜான் ஜஸூலா அதைக் கேட்டதன் விளைவாகவே 1983இல் முதல் ஆல்பம் வெளிவந்தது.

இன்று அதை முதன்முறையாகக் கேட்பவரை ஈர்ப்பவை வேறுபாடுகளே. டெமோவில் முன்னணி கிதார் வாசித்தவர் டேவ் மஸ்டெய்ன். ஆல்பத்தில் கிர்க் ஹேமட். ‘தி மெக்கானிக்ஸ்’ என்ற பாடல், வரிகள் மாறி, நடுவே நிதானமான ஒரு பகுதியும் சேர்ந்து, ‘தி ஃபோர் ஹார்ஸ்மென்’ ஆனது. (எனக்குப் பழைய வடிவத்தின் முரட்டு வேகமே பிடிக்கும்.)

டெமோ என்றால் ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய பாடல்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், இந்த ஏழு பாடல்களும் மறுபதிவு செய்யப்பட்டு முதல் ஆல்பத்திலேயே இடம்பெற்றவை.